ராஜாம்பாளின் கரண்ட்

பலராமனுக்கு இரண்டு பெண்டாட்டி என்று செல்வாம்பாள் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். ஒருத்தி அவள், இன்னொருத்தி ராஜாம்பாள். அரியாங்குப்பத்துக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் இதைக் கேட்டு அவளைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். அந்தப் பரிதாபத்தைக் கொஞ்ச நேரம் அனுபவித்துவிட்டுத்தான், ராஜாம்பாள் என்பது ஒரு விசைப்படகு என்று அவள் சொல்லுவாள்.

படகுக்கு அந்தப் பெயரை வைத்தது பலராமன் இல்லை. கடலூர்க்காரர் ஒருவர் தன் அம்மா பெயரில் கட்டிய மரப்படகு அது. அவரிடமிருந்து நாகப்பட்டினத்துக்காரர் வாங்கினார், அவரிடமிருந்து பலராமன் வாங்கினான். பெயரை மாற்ற வேண்டுமென்றால் ஆபீஸ் ஆபீஸாக நடக்க வேண்டும். அதனால் முகம் தெரியாத யாரோ ஒரு கடலூர்க்காரரின் அம்மா, தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் நீலமும் வெள்ளையுமாகப் பெயின்ட் அடித்துக்கொண்டு நின்றாள்.

மரம் நல்ல மரம். இஞ்சின் பழைய லாரி இஞ்சின், அதுவும் சொன்ன பேச்சைக் கேட்கும். கேட்காதது கரண்ட் ஒன்றுதான். கடலூர்க்காரர் விளக்குக்கும் ஹாரனுக்கும் ஒயர் இழுத்தார். நாகப்பட்டினத்துக்காரர் டேப் ரெக்கார்டர் வைத்தார், மீன் கூட்டம் பார்க்கிற கருவி ஒன்றும் வைத்தார். பலராமன் ஒயர்லெஸ் வைத்தான், பிறகு ஜி.பி.எஸ். வைத்தான். வந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு ஒயர் வந்தது. ஆனால் டேப் ரெக்கார்டர் உப்பரித்துச் செத்த பிறகும் அதன் ஒயர் போகவில்லை. எதில் உயிர் இருக்கிறது, எதில் இல்லை என்று தெரியாததால் யாரும் எதையும் வெட்டத் துணியவில்லை. கேபின் கூரையிலிருந்து இஞ்சின் ரூம் வரைக்கும் கருப்பும் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு கொத்து தொங்கியது. படகு ஆட்கள் அதைச் சடை என்பார்கள். கல்யாணப் பெண்ணுக்குத் தைக்கிற சடை கூட அவ்வளவு மொத்தம் இருக்காது.

இந்தச் சடையோடு குடித்தனம் நடத்தப் பலராமன் ஒரு முறை வைத்திருந்தான். இஞ்சினைக் கிளப்பும்போது எல்லா விளக்கும் அணைந்திருக்க வேண்டும். மழையில் ஹாரன் பக்கம் போகக்கூடாது, அது அடித்தால் நிற்காது. பின்பக்கத்து விளக்கு எரியாவிட்டால் கேபின் சுவரில் முஷ்டியால் ஒரு குத்து விட வேண்டும், அதுவும் இடது பக்கச் சுவரில். இதெல்லாம் அவனுக்கு மூச்சு விடுவது மாதிரி. புதிதாக வேலைக்கு வருகிறவன்தான் சுவரைக் குத்துகிற டிரைவரைப் பார்த்துப் பயந்து போவான்.

ஒயர்லெஸ்ஸில் பேசுவதற்கும் ஒரு முறை உண்டு. கேபின் விளக்கு எரிகிற நேரத்தில் பேச்சுப் பட்டனை அழுத்தினால் விளக்கு மங்கும், குரலும் பாதிப் பாதியாகத்தான் கரைக்குப் போய்ச் சேரும். விளக்கு, இல்லாவிட்டால் பேச்சு. இரண்டையும் ராஜாம்பாள் சேர்த்துத் தர மாட்டாள். இரண்டு மூன்று நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கிற தங்கு கடலுக்குப் போகிற நாட்களில், பொழுது சாய்கிற நேரத்தில் செல்வாம்பாள் துறைமுகத்துக்கு வருவாள். அங்கே படகுக்காரர்கள் சேர்ந்து போட்ட கொட்டகையில் கரை ஒயர்லெஸ் ஒன்று இருந்தது. செல்போன் வந்துவிட்ட காலம்தான். ஆனால் கலங்கரை விளக்கம் கண்ணுக்கு மறைந்தால் செல்போன் ஊமையாகிவிடும். ஒயர்லெஸ்தான் கதி. அதில் அவள் கேட்கிற முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"லைட்ட அணைச்சிட்டியா?"

"அணைச்சிட்டேன், சொல்லு."

இருட்டில் உட்கார்ந்துதான் புருஷன் தன்னோடு பேசுகிறான் என்பது அவளுக்குத் தெரியும். அது அவளுக்குப் பிடிக்கவும் இல்லை.

சுனாமி வந்த அன்று ராஜாம்பாள் துறைமுகத்தில் கட்டிக் கிடந்தாள். கயிறு அறுந்து, பக்கத்துப் படகின் மேல் மோதி, ஆற்றோரச் சேற்றில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். பலராமன் வீட்டில் இருந்தான். ஆனால் செல்வாம்பாளின் அண்ணன் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தார், அவர் வீடு திரும்பவில்லை. படகைச் சேற்றிலிருந்து இழுத்துப் பழுது பார்த்து முடித்த நாளில் அவள் வாசலில் குறுக்கே நின்றாள்.

"நீ கடலுக்குப் போனா நான் ஆத்துல எறங்குறேன்" என்றாள்.

சொன்னால் செய்கிறவள். பலராமன் படகை இறக்கவில்லை. பேச்சு வார்த்தை நடந்து, அழுது, சாப்பிடாமல் கிடந்து, கடைசியில் ஒரு வழி பிறந்தது. தெற்கே ஒரு கிராமத்தில் குறி சொல்கிற பூசாரி ஒருவர் தகடு எழுதித் தருகிறார் என்று கேள்விப்பட்டு அவள் போய்வந்தாள். உள்ளங்கை அகலத்தில் செம்புத் தகடு, அதில் கட்டங்களும் எழுத்துகளும். தகடு படகில் இருக்கிற வரைக்கும் அவன் கடலுக்குப் போகலாம். அதுதான் ஒப்பந்தம்.

பூசாரி நேரில் வந்து, திசை பார்த்து, இஞ்சின் ரூமின் பக்கப் பலகையில் இடம் குறித்தார். பெண்கள் மீன்பிடி படகில் ஏறக்கூடாது என்பது வழக்கம், அதனால் செல்வாம்பாள் தேங்காயும் கையுமாகக் கரையிலேயே நின்றாள். பூசாரி கொண்டு வந்த ஆணி குண்டூசி மாதிரி இருந்தது. அவள் கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அது பத்தாதுய்யா. நல்லா நீளமா அடி. ஆட்டத்துல வுழுந்துடப் போவுது" என்று கத்தினாள்.

பலராமன் படகுப் பலகைக்கு அடிக்கிற ஆணியை எடுத்து நான்கு மூலையிலும் அடித்தான். தகடு பலகையோடு பலகையாகப் பிடித்துக்கொண்டது. கடலுக்குப் போகும்போதெல்லாம் மஞ்சள் தண்ணீரால் கழுவி, குங்குமம் வைத்து, வலது கையைத் தகட்டின் மேல் வைத்துக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பு என்றார் பூசாரி. படகில் நல்ல தண்ணீர் குடிப்பதற்கே அளவுதான். பலராமன் ஒரு வாளி கடல் தண்ணீரை மொண்டு அதில் மஞ்சளைக் கரைத்துக்கொண்டான்.

முதல் தடவை கை வைத்தபோதே சுருக்கென்றது. எறும்பு கடித்த மாதிரி. எடுத்துவிட்டு மறுபடி வைத்தான், மறுபடியும் சுருக்கென்றது. அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. வீட்டுக்குப் போனதும் அவளிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"தகட்டுல சக்தி இருக்கு, செல்வா. கைய வெச்சா கடிக்குது."

அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அன்றைக்குத்தான் சுனாமிக்கு அப்புறம் அவள் முதன்முதலாக நிம்மதியாகத் தூங்கினாள். அதற்குப் பிறகு அவன் ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும், மீன் என்ன பட்டது என்று கேட்பதற்கு முன்னால், "கடிச்சுதா?" என்று கேட்பாள். "கடிச்சுது" என்பான். அதற்கு மேல் அவளுக்கு எந்தச் செய்தியும் வேண்டாம்.

தொந்தரவு ஒரு வருஷம் கழித்துத் தலைகாட்டியது. விளக்கு வழக்கத்தை விட அதிகமாக மங்கியது. காலையில் சாவியைத் திருகினால் இஞ்சின் ஒரு முனகு முனகிவிட்டுப் படுத்துக்கொண்டது. பலராமன் நெல்லித்தோப்புக்குப் போய் மாக்சிமை அழைத்து வந்தான்.

மாக்சிம் லாரிக்கும் பஸ்ஸுக்கும் கரண்ட் வேலை செய்கிற மெக்கானிக். அவனுடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா. அண்ணன் பாரீசில் இருக்கிறான், இவனையும் வா வா என்கிறான். "அங்க போயி அவன் மெட்ரோவுக்கு ஒயர் இழுக்கிறதுக்கு, இங்க லாரிக்கு இழுத்துட்டுப் போறேன்" என்பது மாக்சிமின் கட்சி. கெட்டிக்காரன்தான், ஆனால் பொறுமை கிடையாது. சடையைப் பார்த்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"அண்ணே, இது போட்டுதானா, இல்ல குருவிக்கூடா?"

பேட்டரியை மாற்றினான், சரியானது மாதிரி இருந்தது. மறுபடி படுத்தது. டைனமோவைப் பிரித்துக் கட்டினான், மறுபடி சரியானது மாதிரி இருந்தது, மறுபடி படுத்தது. ஸ்விட்ச், ஹோல்டர், கேபின் பக்கத்து ஒயர் எல்லாவற்றையும் தடவித் தடவிப் பார்த்தான். இஞ்சின் ரூமில் தகடு இருந்த பலகையை மட்டும் அவன் தொடவில்லை. முதல் நாளே படகின் மூத்த ஆள் தணிகாசலம், "அந்தப் பக்கம் கை வெக்காத தம்பி, எங்க சாமி" என்று சொல்லியிருந்தார். மாக்சிம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுப் பூசைக்குப் போகிற வீட்டுப் பிள்ளை. அடுத்தவன் சாமி விஷயத்தில் தலையிடக்கூடாது என்று வளர்க்கப்பட்டவன். அந்தப் பலகைக்கு ஒரு முழம் தள்ளியே வேலை பார்த்தான்.

பலராமனுக்கு வேறு வைத்தியம் தெரிந்திருந்தது. கரண்ட் படுக்கப் படுக்க அவன் தகட்டுக்கு மஞ்சள் தண்ணீரை அதிகமாக ஊற்றினான். ஒரு சொம்பு இரண்டு சொம்பாயிற்று. குங்குமம் அப்பி அப்பித் தகட்டுக்குக் கீழே அடை மாதிரி கட்டிக்கொண்டது.

அந்த ஐப்பசியில்தான் மானம் போனது. தங்கு கடலுக்குப் போன இடத்தில், வலையை இழுத்து முடித்து, ஒழுகிய டீசல் பைப்பை அடைப்பதற்காக இஞ்சினை நிறுத்தினார்கள். மறுபடி கிளப்பப் போனால் முனகல் கூட இல்லை. ஒயர்லெஸ்ஸை அழுத்தினால் சின்னச் சிவப்பு விளக்கு கண்ணைச் சிமிட்டிவிட்டு மூடிக்கொண்டது. நீரோட்டம் படகைத் தெற்கே இழுத்தது. வானம் வேறு கருத்துக்கொண்டு வந்தது. பலராமன் தகட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு, அம்மா தாயே என்று கதறாத குறை. மீதி இருந்த மஞ்சளையெல்லாம் கரைத்து ஊற்றினான். ஒன்றும் நடக்கவில்லை. பரங்கிப்பேட்டைப் பக்கத்துப் படகு ஒன்று பார்த்துக் கயிறு போட்டு இழுத்து வந்து சேர்த்தது மூன்றாம் நாள்.

அதுவரைக்கும் செல்வாம்பாள் கொட்டகையில் ஒயர்லெஸ் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். "ராஜாம்பா, ராஜாம்பா, கரை பேசுறேன்" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிவிட்டது. அவனைப் பார்த்ததும் அழுவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் இரண்டும் செய்யவில்லை. வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டாள். அவன் சாப்பிட்டு முடித்ததும் சொன்னாள்.

"இனி ஒரு வாட்டி ஒயர்லெஸ் ஊமையாச்சின்னா போட்ட வித்துடு. மாப்ள கிட்ட பேசிட்டேன். மேட்டுப்பாளையத்துல வாச்மேன் வேல காலியா இருக்காம்."

மாப்பிள்ளை வெற்றிச்செல்வன் ஊருக்குப் பக்கத்திலேயே, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் சூப்பர்வைசர். நல்ல பையன், மாமனாருக்காக நாற்காலி போட்ட வேலையாகப் பார்த்து வைத்திருந்தான். காக்கிச் சட்டை மாட்டிக்கொண்டு, கேட்டைத் திறந்து மூடி, வருகிற லாரிக்கெல்லாம் சல்யூட் அடிக்கிற தன்னைப் பலராமன் நினைத்துப் பார்த்தான். கடலில் மிதந்தபோது கூட அவனுக்கு அவ்வளவு பயமில்லை.

அடுத்து வந்த மாதங்களில் அவன் தகட்டை ஒரு குழந்தையைப் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டான். கிளம்பும்போது மட்டும் ஊற்றியவன், படுக்கும்போதும் ஊற்றினான். ராஜாம்பாள் இன்னும் மோசமானாள். தூர ஓட்டமே வேண்டாமென்று, கரை தெரிகிற தூரத்திலேயே வலை போட்டுவிட்டு, ஒயர்லெஸ் சாவதற்கு முன்னால் ஓடி வந்துகொண்டிருந்தான்.

அப்போது பங்காளி வீட்டில் ஒரு சாவு விழுந்தது. காரியம் முடிகிற வரைக்கும் தீட்டு. சாமியைத் தொடக்கூடாது, பூசை கிடையாது. ஆனால் மீன் வரத்து நன்றாக இருந்த சமயம், வீட்டில் முடங்கிக் கிடக்க முடியவில்லை. நாலைந்து நாள் கழித்து, தகட்டைத் தூரத்திலிருந்தே கும்பிட்டுவிட்டு, தொடாமல் கொள்ளாமல் கடலுக்குப் போனான். மனசு முழுக்கப் பயம்.

இஞ்சின் ஒரே திருகலில் கிளம்பியது. மறுநாளும் அப்படியே. ஒயர்லெஸ் பரவாயில்லாமல் பேசியது. தீட்டு முடிகிற வரைக்கும் ராஜாம்பாள் ஒரு நாள் கூட முனகவில்லை. தீட்டு கழிந்த அன்று பலராமன் தலை முழுகி, பூ, பழம், மூன்று சொம்பு மஞ்சள் தண்ணீர் என்று தகட்டுக்கு அமர்க்களமாக அபிஷேகம் செய்தான். மறுநாள் காலையில் படகு கட்டின இடத்தை விட்டு நகரவில்லை.

தணிகாசலம் தலையைச் சொறிந்தார். "ஏன்டா பலராமா, தீட்டுல நல்லா ஓடுது, பூச போட்டா படுத்துக்குது. இது இன்னா சாமிடா?"

பலராமனுக்கு அது சிரிப்பாக இல்லை. சாமிக்குத் தன் கை பிடிக்கவில்லை என்று நினைத்தான். கண் கலங்கிவிட்டது. யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. நெல்லித்தோப்புக்குப் போய், கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து மாக்சிமிடம் எல்லாவற்றையும் சொன்னான். கை வைத்தால் கடிக்கும் என்பதையும் சொன்னான்.

மாக்சிம் கையிலிருந்த குறட்டைக் கீழே வைத்தான். "கடிக்குமா? எங்க கடிக்கும்?"

"கையிலதான். சுருக்குனு. மஞ்சத் தண்ணி ஊத்துனா இன்னும் ஜாஸ்தி."

"அண்ணே, வண்டில ஏறு" என்றான் மாக்சிம்.

படகுக்குள் இறங்கியதும் தகட்டுக்கு முன்னால் செருப்பைக் கழற்றினான். தன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான். பிறகு பையிலிருந்து டெஸ்ட் லாம்ப்பை எடுத்தான். இரண்டு ஒயர் வைத்த சின்ன பல்பு அது. ஒரு நுனியை இஞ்சினில் வைத்தான். இன்னொரு நுனியால் தகட்டின் மூலை ஆணியைத் தொட்டான். பல்பு பளிச்சென்று எரிந்தது.

தணிகாசலம் சட்டென்று கையெடுத்துக் கும்பிட்டார்.

"கும்புடாத பெரியவரே" என்றான் மாக்சிம். "பேட்டரி கரண்டு இது."

பலகையைப் பின்பக்கமாகப் பிரித்தார்கள். பேட்டரியிலிருந்து வருகிற மெயின் ஒயர், பலகையை ஒட்டி ஓடிக்கொண்டிருந்தது. ஆணி சரியாக அதன் நடுவில் இறங்கியிருந்தது. "வ்வாலா" என்றான் மாக்சிம். அப்பாவிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம், தேடினது கிடைத்தால் அவனுக்கு வாயில் பிரெஞ்சுதான் வரும். ஒயரின் மேல் தோலைக் கீறிக் காட்டினான். உள்ளே செம்பு பச்சையாகப் பூத்து, நாலைந்து நூல்தான் மிச்சம் இருந்தது.

"கரண்டு ஆணி வழியா தகட்டுக்கு வருது, உப்புத் தண்ணி பட்ட ஈரக் கைய வெச்சா அதான் கடிக்குது. நீ உப்புத் தண்ணியில மஞ்சளக் கரைச்சி ஊத்துற. அந்தக் குங்கும அடை வழியா கீழ இருக்கிற இரும்புப் பைப்புக்கு எறங்குது. பேட்டரி சொட்டுச் சொட்டா காலி. ஊத்துன தண்ணி ஆணியோட உள்ள போயி ஒயரயும் தின்னுடுச்சி." பிறகு, "நானும் முட்டாள்தான். சாமின்னு இந்தப் பலகைய விட்டுட்டேன்" என்றான். தகட்டைப் பிடுங்குவதற்காகக் குறட்டை எடுத்தான்.

"தொடாத" என்றான் பலராமன்.

அவன் குரலைக் கேட்டு மாக்சிம் திரும்பிப் பார்த்தான். பலராமன் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். தகடு போனால் அவன் கடலுக்குப் போக முடியாது, அது அவள் போட்ட ஒப்பந்தம். ஒயர்லெஸ் செத்தாலும் போக முடியாது, அதுவும் அவள் சொன்னதுதான். அது கூடப் பெரிதில்லை. நீளமாக அடி என்று கரையிலிருந்து கத்தினவள் அவள். மூன்று நாள் அவன் நடுக்கடலில் மிதந்ததற்குக் காரணம் அவள் கேட்ட ஆணி என்று தெரிந்தால் அவள் என்ன ஆவாள் என்று நினைத்தான். அவனுக்கு அதுதான் தாங்கவில்லை.

"தகடு இருக்கட்டும். நீ ஒயர மாத்து" என்றான்.

மாக்சிம் எதிர்ப்பக்கச் சுவரோடு மொத்தமான புது ஒயர் இழுத்தான், பேட்டரி பக்கத்திலேயே ஒரு ஃபியூஸும் வைத்தான். பழைய ஒயரை வெட்டி எடுத்தான். செத்துப்போன டேப் ரெக்கார்டர் ஒயரையும் கையோடு உருவி எறிந்தான். சடை பாதியாக மெலிந்தது. இனி விளக்கை எரிய விட்டே ஒயர்லெஸ்ஸில் பேசலாம் என்றான். தகடு அதே இடத்தில் அதே ஆணியோடு இருந்தது. ஆணி துளைத்த துண்டை மட்டும் பலராமன் கேட்டு வாங்கி, தன் வண்டியின் சீட்டுக்கடியில் போட்டுக்கொண்டான்.

ராஜாம்பாள் புதுப்பெண் மாதிரி ஆனாள். தூர ஓட்டம் மறுபடி ஆரம்பமாயிற்று. முதல் நடை முடிந்து வீட்டுக்கு வந்தவனிடம் செல்வாம்பாள் கேட்டாள்.

"கடிச்சுதா?"

அவன் செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டான். "கடிச்சுது."

அதற்கு அடுத்த நடையிலும் அதே கேள்வி, அதே பதில். பொய் சொல்கிறவனுக்குச் சோறு இறங்காது என்பார்கள். பலராமனுக்கு இறங்கத்தான் செய்தது, ஆனால் ருசி தெரியவில்லை. படகில் தகட்டின் மேல் கை வைத்தால் அது சில்லென்று, சும்மா செம்பாக இருந்தது. ஒயர்லெஸ்ஸில் பேசும்போது பழக்கத்தில் இப்போதும் விளக்கை அணைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தான். அணைக்காமல் பேசலாம் என்று அவளிடம் சொன்னால் ஏன் என்று கேட்பாள்.

இப்படியே காலத்தை ஓட்டியிருப்பான். ஆனால் செல்வாம்பாள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவளா? தகடு கடிக்கிற கதையைத் தெருவுக்கே சொல்லிவிட்டாள். ஒரு சாயங்காலம் அவன் வீட்டுக்குள் நுழையும்போது பக்கத்து வீட்டுப் பார்வதி எழுந்து போய்க்கொண்டிருந்தாள். பார்வதியின் புருஷனுக்கும் படகு உண்டு, அதிலும் ஒரு சடை உண்டு.

"வெள்ளிக்கிழம பூசாரி வர்றாரு. பார்வதி போட்டுலயும் தகடு அடிக்கிறாங்க" என்றாள் செல்வாம்பாள், மீனைச் செதில் எடுத்தபடியே. "நல்லா நீளமான ஆணியா பாத்து வாங்கி வெக்கச் சொன்னேன்."

பலராமன் வெளியே போனான். சீட்டுக்கடியிலிருந்து அந்த ஒயர்த் துண்டை எடுத்து வந்து அவள் பக்கத்தில் வைத்தான். வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னான். ஆணி, மஞ்சள் தண்ணீர், டெஸ்ட் லாம்ப், தணிகாசலம் கும்பிட்டது, மாக்சிம் இழுத்த புது ஒயர். இப்போது தகடு கடிப்பதில்லை என்பதை மட்டும் சொல்ல வாய் வரவில்லை. கடைசியில் அதையும் சொன்னான்.

அவள் மீன் கையோடு அந்தத் துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப ரெண்டு நடையா கடிச்சுது கடிச்சுதுன்னு சொன்னது?"

"பொய்."

"என் மூஞ்சப் பாத்துட்டு?"

"குனிஞ்சிகிட்டுதான் சொன்னேன்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பச்சை பூத்த அந்த நாலைந்து நூலை நகத்தால் தொட்டாள். அதில் ஒன்று உதிர்ந்து தரையில் விழுந்தது. "இதுல இருந்துதான் உன் பேச்சு வந்துதா?" என்றாள். "நீளமா அடின்னு நான்தான கத்துனேன்."

"அடிச்சவன் நான்."

"கத்துனவ நான்" என்றாள் அவள். "நான் அந்தக் கொட்டாயில உக்காந்து சாமி சாமின்னு கூப்புட்டுக்கிட்டே இருந்தேன். உன் உசுரு கெடந்தது என் ஆணியில." அழுதாள். மீன் கையால் முகத்தைத் துடைக்க முடியாமல் முழங்கையால் துடைத்துக்கொண்டாள். பலராமன் அரிவாள்மணையை அவள் பக்கத்திலிருந்து எடுத்து, மீதி மீனை அவனே ஆய்ந்தான்.

அவள் கையைக் கழுவிக்கொண்டு வெளியே போனாள். ஒயர்த் துண்டையும் எடுத்துப் போனாள். மேட்டுப்பாளையத்துக்குப் போன் பண்ணத்தான் போகிறாள் என்று அவன் முடிவே கட்டிவிட்டான். சுவருக்கு அந்தப் பக்கம் பார்வதி வீட்டில் அவள் குரல் கேட்டது.

"தகட அடிங்கடி, வேணாங்கல. பின்னாடி ஒயர் ஓடுதான்னு பாத்துட்டு அடிங்க. பூசாரி குடுக்குற குட்டி ஆணி போதும். தண்ணி கிண்ணி ஊத்தாதீங்க. இந்தா, இதப் பாரு, என் வூட்டுக்காரரு இதுலதான் தொங்கிக்கிட்டு இருந்தாரு."

வேலைக்குப் போ என்றும் சொல்லவில்லை, கடலுக்குப் போ என்றும் சொல்லவில்லை. விடியற்காலையில் அவன் எழுந்தபோது தூக்குச் சட்டியில் சோறு கட்டி வைத்திருந்தது. தண்ணீர் கேன் நிரம்பியிருந்தது. அவன் வண்டியை எடுக்கும்போது வாசலுக்கு வந்தாள்.

"மஞ்சத் தண்ணி ஊத்தாத" என்றாள். "கைய மட்டும் வெச்சிட்டுப் போ."

அன்றைக்கு மீன்பாடு சுமார்தான். சங்கரா கொஞ்சம், காரை கொஞ்சம். பொழுது சாய்ந்து, தண்ணீர் கருக்கத் தொடங்கிய நேரத்தில் ஒயர்லெஸ் கரகரத்தது.

"ராஜாம்பா, ராஜாம்பா, கரை பேசுறேன்."

பலராமனின் கை வழக்கம்போல விளக்கு ஸ்விட்சுக்குப் போயிற்று. இன்னொரு கையால் பட்டனை அழுத்தினான். "சொல்லு செல்வா."

"லைட்ட அணைச்சிட்டியா?"

"இல்ல. இப்பதான் அணைக்கப் போறேன்."

"அணைக்காத" என்றாள். "எரிய வுட்டே பேசு."

அவன் ஸ்விட்சிலிருந்து கையை எடுத்தான். தலைக்கு மேலே பல்பு எரிந்துகொண்டிருந்தது. பட்டனை அழுத்திப் பிடித்தபடி அதையே பார்த்தான், அது மங்கவில்லை. இத்தனை வருஷமும் இருட்டில் அவசர அவசரமாகப் பேசிப் பழகியவன். வெளிச்சத்தில் உட்கார்ந்து பெண்டாட்டியோடு என்ன பேசுவது என்று அவனுக்குச் சட்டென்று தோன்றவில்லை.

"இன்னா கொழம்பு வெச்ச?" என்று கேட்டான்.